நாலாவதா எறங்கினவர்

எடிட்டர் வேலைக்குப் புதுசா சேர்ந்திருக்கிற நாலு பேருக்கும் ஏதாவது சொல்லுங்க மேடம்னு ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. எங்க கமா போடணும், எங்க ஒற்று மிகும்னு சொல்லித்தர நான் வரல. அதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கு. அதுக்காக மர்பி டவுன்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர எனக்கென்ன பைத்தியமா? நான் பண்ண ஒரு தப்பைச் சொல்றேன். இத்தனை வருஷத்துல எவ்வளவோ தப்பு பண்ணியிருக்கேன், எல்லாம் மறந்துபோச்சு. இது மட்டும் காலையில பல் தேய்க்கும்போது ஞாபகம் வரும். பிரஷ்ஷைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பேன்.

அப்ப நம்ம ஆபீஸ் இங்கதான், இதே லிங்கராஜபுரத்துல, ஒரு டெய்லர் கடைக்கு மேல. மொத்தம் அஞ்சு பேர். எனக்கு வேலை கத்துக்கொடுத்த பெரியவர் பேரைச் சொல்ல மாட்டேன். புத்தகத்துல எடிட்டர்னு தன் பேர் வரவே கூடாதுன்னு அடம்பிடிச்ச மனுஷன். அவர் ஒரு வழக்கம் வெச்சிருந்தார். எந்த நாவல் வந்தாலும் முதல் தடவை படிக்கும்போதே அதுல வர்றவங்க பேரையெல்லாம் ஒரு தாள்ல வரிசையா எழுதணும். அதுக்கு அவர் வெச்ச பேர் ஹாஜரி. ஸ்கூல்ல, ஃபேக்டரியில, சைட்ல எடுக்கறாங்களே, அதே ஹாஜரி.

ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ரெண்டு கட்டம். முதல் கட்டத்துல, அந்த ஆள் கதையில ஏதாவது செஞ்சா ஒரு கோடு. ரெண்டாவது கட்டத்துக்குத் தலைப்பு 'யாரு?' அதை நாமளா நிரப்பக் கூடாது. எழுதினவருக்கு ஃபோன் போட்டு ஒவ்வொரு பேரா கேக்கணும். "இது யாருங்க? உங்களுக்குத் தெரிஞ்சவரா, சும்மா வந்தவரா?" அவ்வளவுதான் கேள்வி. அப்படிக் கேட்டுத்தான் ஒருத்தர் தன் வீட்டு ஓனரையே சொந்தப் பேரோட வில்லனாக்கியிருந்தது தெரிஞ்சுது. இன்னொருத்தர் நாவல்ல ஒரு கல்யாணம் முப்பது பக்கம் ஓடும். எனக்கு வெட்டணும்னு கை துறுதுறுன்னு இருந்துது. பெரியவர் கேட்டார். சின்ன வயசுலயே போயிட்ட தங்கச்சி அது, கதையிலயாவது கட்டிக்கொடுத்துப் பார்க்கறேன்னு சொன்னார் அந்த மனுஷன். பெரியவர் ஒரு வரிகூட வெட்டல.

பெரியவருக்கு அப்புறம் அந்த நாற்காலி எனக்கு வந்துது. வேலையும் கூடிப்போச்சு. புத்தகம் போதாதுன்னு ஆடியோ, ஃபோன் ஆப், அது இதுன்னு. ஒவ்வொரு பேருக்கும் எங்க உக்காந்து ஃபோன் போடறது? ரெண்டாவது கட்டத்தை நான் எடுத்துட்டேன். யாரும் சொல்லல, நானேதான். முதல் கட்டம் மட்டும் போதும், ரெண்டு கோட்டுக்குக் குறைஞ்ச ஆள் அவுட். அதுல எனக்குப் பெருமை வேற. ஆளைக் கழிச்சா கதை ஓடும்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அந்த நேரத்துலதான் கோபியோட நாவல் வந்துது. கோபி கிருஷ்ணகிரி பக்கத்து ஆளு. இங்க ஒரு ஃபர்னிச்சர் கடையில டெலிவரி வேலை. அதுக்கு முன்னாடி கட்டட வேலையில இருந்தவர். நாவல் முழுக்க ஃபோன்லயே, தனக்குத்தானே வாட்ஸ்அப் மெசேஜா அனுப்பி எழுதியிருந்தார். அதை யாரோ ஒட்டி ஒரு ஃபைலாக்கி எங்களுக்கு அனுப்பியிருந்தாங்க. நான் என்ன நெனச்சிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். கிடப்புல போடற சரக்குன்னுதான் நெனச்சேன்.

பிரிண்ட் எடுத்துக்கிட்டு பஸ்ல உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். காலையில பதினோரு மணி, மண்டையைப் பொளக்கிற வெயில். பக்கத்து சீட்ல ஒரு அம்மா கீரைக்கட்டு வெச்சிருக்காங்க. கண்டக்டர் கன்னடத்துல யாரோடயோ சில்லறைக்குச் சண்டை போடறார். அவ்வளவு சத்தத்துலயும் எனக்கு முதுகுல சில்லுனு ஏறுது. என் ஸ்டாப்பு போனதே தெரியல. மூணு ஸ்டாப் தள்ளி எறங்கி நடந்து வந்தேன்.

கதை இதுதான். வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மெண்ட் கட்டறாங்க. தண்ணித் தொட்டிக்கு ஒரு குழி. அந்தக் குழிக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்கு. பேய் இல்ல, பிசாசு இல்ல. பூமி உண்டாகறதுக்கு முன்னாடியே இருந்த ஏதோ ஒண்ணு. அதுக்கு மனுஷங்க மேல கோபமும் கிடையாது, பசியும் கிடையாது. மனுஷங்கன்னு ஒரு ஜாதி இருக்கறதே அதுக்குத் தெரியாது. அந்தக் குழியோட விளிம்புல நிக்கறதைப் பத்தி மட்டும் பதினஞ்சு பக்கம். டார்ச் அடிச்சா வெளிச்சம் பாதி தூரம் போய் மேல போக மனசில்லாம நின்னுடும். ஏணியோட கீழ்ப்படி ஈரமா இருக்கும், தொட்டா கை காஞ்சிருக்கும். சத்தம் போட்டா எதிரொலி ரொம்ப நேரம் கழிச்சு, வேற யாரோ நிதானமா யோசிச்சுச் சொல்ற மாதிரி வரும். தமிழ்ல இப்படி ஒரு பயத்தை நான் எடிட் பண்ணதே இல்ல. கெட்டிக்காரன்யா நீன்னு வாய்விட்டுச் சொன்னேன்.

ஆனா ஆளுங்க? சைபர். ஏழுமலை, சேகர், அந்தோணி, துரை, முனிராஜுன்னு அஞ்சு பேர். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா குழிக்குள்ள எறங்கறாங்க. யாரும் திரும்பி வரல. யாருக்கும் முகம் இல்ல, குடும்பம் இல்ல, குரல் இல்ல. ஏழுமலைக்கு ரெண்டு வசனம் இருந்துது. கடைசியா எறங்கற முனிராஜு ஏணியில நின்னு ஒரு தடவை மேல பாக்கறான். நடுவுல மூணு பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு வரி. 'இரண்டாவதாகச் சேகர் இறங்கினான்.' 'மூன்றாவதாக அந்தோணி இறங்கினான்.' 'நான்காவதாகத் துரை இறங்கினான்.' ஹாஜரியில ஆளுக்கு ஒரே ஒரு கோடு. மூணு பேரும் அவுட்.

கோபிக்கு ஃபோன் போட்டேன். எவ்வளவு உற்சாகமா பேசினேன்னு நெனச்சா இப்ப கூசுது. "சூழல் பிரமாதம் கோபி, எனக்கே வேர்த்துடுச்சு. ஆனா பாத்திரம் சுத்தமா நிக்கல. அஞ்சு பேர் எதுக்கு? முதல் ஆளையும் கடைசி ஆளையும் வெச்சுக்கலாம், நடுவுல மூணு பேரை எடுத்துடலாம். அதுவும் அந்தத் துரை. முன்னாடி போன மூணு பேர் திரும்பி வரலைன்னு கண்ணால பாக்கறான். அப்புறமும் எறங்கறான்னா எவன் நம்புவான்? எந்த முட்டாளாவது எறங்குவானா?"

அந்தப் பக்கம் ஏதோ லாரி ஹாரன் கேட்டுது. அப்புறம் கோபி சொன்னார், "சரிங்க மேடம். உங்களுக்குத் தெரியும்." எனக்கு ரொம்ப சந்தோஷம். எவ்வளவு அடக்கமான எழுத்தாளர், சில பேரு ஒரு வார்த்தையை எடுத்தாலே சண்டைக்கு வருவாங்கன்னு ஆபீஸ்ல பெருமையா சொன்னேன். ஒன் பை டூ காபி வாங்கி, பாதியை டிசைனர்கிட்ட கொடுத்துக்கிட்டே சொன்னேன், அதுகூட ஞாபகம் இருக்கு.

புத்தகம் வந்துது. மர்பி டவுன்ல எங்க தெருவுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன ஹால், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வெளியீடு. நாப்பது நாற்காலி போட்டோம், முப்பது நிறைஞ்சுது. சுண்டல், காபி. மேடையில என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னாங்க, இந்தப் புத்தகத்தைச் செதுக்கினவங்கன்னு. கை தட்டினாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே கும்பிட்டேன்.

கீழ எறங்கி வந்தா ஒரு பொண்ணு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், எனக்காக நின்னுக்கிட்டிருக்காங்க. கூட ஒம்பதாவது படிக்கிற வயசுல ஒரு மகள். அந்தம்மா கையில நம்ம புத்தகம். அதைப் பிடிச்சிருந்த விதத்தைப் பார்த்தாலே புத்தகம் பிடிச்சுப் பழக்கமில்லாத கைன்னு தெரிஞ்சுது.

"மேடம், நீங்கதானே இந்த புக்கைப் போட்டது? எங்க வீட்டுக்காரர் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?"

எனக்குப் புரியல. "உங்க வீட்டுக்காரரா? அவரும் எழுதுவாரா?"

"இல்ல மேடம். துரை. நாலாவதா எறங்கினாரே, அவரு. அந்த வைட்ஃபீல்ட் குழியில."

திக்குனு ஆயிடுச்சு. திக்குனுன்னு சொல்றது பத்தாது. மாடிப்படியில கடைசிப் படி இருக்குன்னு நெனச்சு காலை வெச்சா இருக்காதே, அந்த மாதிரி இருந்துது. தலையைத் தூக்கி கோபியைத் தேடினேன். அவர் ஹால் வாசல்ல நின்னு எங்களையேதான் பார்த்துக்கிட்டிருந்தார். அவர் மூஞ்சியில ரத்தமே இல்ல. அந்த மூஞ்சியைப் பார்த்ததுமே எல்லாம் புரிஞ்சுபோச்சு. கதை இல்ல. குழி நிஜம். அஞ்சு பேரும் நிஜம். கட்டட வேலையில இருந்தப்ப கோபி குழிக்கு மேல நின்னு பார்த்திருக்கார்.

அந்தம்மா புத்தகத்தை நீட்டிக்கிட்டே இருக்காங்க. "கோபி அண்ணன் எழுதறப்பவே சொன்னாரு மேடம், அஞ்சு பேர் பேரும் வருதுன்னு. எனக்குத் தமிழ் படிக்க வராது. கன்னடம்தான், அதுவும் பஸ் போர்டு வரைக்கும். இவளும் கன்னட மீடியம். ஒரு தடவ காட்டுங்களேன், தொட்டுப் பார்த்துக்கறேன்."

எடிட்டருக்கு அவசரத்துல சரியா முடிவெடுக்கத் தெரியணும்னு ஊரெல்லாம் சொல்வேன். அன்னிக்கு எனக்கு எவ்வளவு நேரம் இருந்துது? நாலு செகண்டு இருக்கும். உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோபியைக் கூப்பிட்டிருக்கலாம். என் கை என்னைக் கேக்காம புத்தகத்தைப் பிரிச்சு, குழி வர்ற பக்கத்துல ஏதோ ஒரு வரியில விரலை வெச்சுது. "இதோ, இங்க இருக்கும்மா."

அந்தம்மா ஆள்காட்டி விரலால அந்த எடத்தைத் தடவினாங்க. கண்ணுல தண்ணி. அப்புறம் மகளைப் பார்த்து, "நித்யா, உன் பொட்டைக் கொடு"ன்னாங்க. அந்தப் பொண்ணு நெத்தியிலேர்ந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கொடுத்துது. அதை நான் விரல் வெச்ச எடத்துலயே ஒட்டினாங்க. எடம் தப்பிடக் கூடாதாம்.

நான் ஏதாவது பேசணுமேன்னு கேட்டேன், "அவர் ஏம்மா எறங்கினார்? முன்னாடி மூணு பேர் போனதைப் பார்த்துட்டு?" கேட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

"அந்தோணி அண்ணன் உள்ளேர்ந்து 'துரை'ன்னு ஒரு கூப்பாடு போட்டாராம் மேடம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா இவரு நிப்பாரா? பக்கத்து வீட்ல சிலிண்டர் தூக்கணும்னாலே தட்டுல கையை உதறிட்டு ஓடற ஆளு." அதைச் சொல்லும்போது லேசா சிரிச்சாங்க. ரேவதின்னு பேரு. வைட்ஃபீல்ட்ல ஒரு ஐடி ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் வேலை.

அவங்க போனதும் ஹாலுக்குப் பின்னாடி கோபியைப் பிடிச்சேன். "ஏன்யா எங்கிட்ட சொல்லல?"ன்னு கத்தினேன். பண்றதையும் பண்ணிட்டு அவர் மேல பாயறேன் பாருங்க, அதான் நான். கோபி தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார். அந்தக் குழியில வெஷக் காத்துன்னு பின்னாடி சொன்னாங்களாம். "கேஸ்னுதான் மேடம் சொன்னாங்க. ஆனா நான் மேல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு அது கேஸ் மாதிரி தெரியல. என்ன மாதிரி தெரிஞ்சுதோ அதைத்தான் எழுதினேன்."

அதுக்கப்புறம் சொன்னதுதான் என்னை உலுக்கிடுச்சு. அன்னிக்கு சைட் ஹாஜரியில அந்த அஞ்சு பேர்ல ரெண்டு பேருதான் இருந்தாங்களாம். துரையோட சேர்த்து மத்த மூணு பேர் அங்க வேலைக்கே வரலைன்னு காண்ட்ராக்டர் ஆளுங்க சொல்லிட்டாங்களாம். "எந்தப் பேப்பர்லயும் அந்த மூணு பேர் இல்ல மேடம். ஒரு புக்லயாவது இருக்கட்டும்னுதான் எழுதவே ஆரம்பிச்சேன். நீங்க அதே மாதிரி மூணு பேரை எடுக்கணும்னு சொன்னப்ப, பேர் போட்டா கோர்ட்டு, வக்கீல்னு வரும்போல, மேடத்துக்கு சட்டம் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். ரேவதிகிட்ட சொல்ல வாய் வரல. அவங்க இன்னிக்கு வருவாங்கன்னு நெனக்கல."

கேட்டீங்களா? அந்தக் காண்ட்ராக்டர் தன் ஹாஜரியில ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு மூணு பேரைத் தூக்கினான். நானும் என் ஹாஜரியில ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு மூணு பேரைத் தூக்கினேன். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். அந்தக் கேள்வியை எனக்குக் கட்டம் போட்டே கொடுத்துட்டுப் போயிருந்தார் ஒரு மனுஷன். நான் அந்தக் கட்டத்தையே எடுத்துட்டேன்.

அப்பவாவது ஓடிப்போய் சரி பண்ணேனா? இல்ல. அடுத்த பதிப்பு வரும்போது சேர்த்துடலாம் கோபின்னு சொன்னேன். நம்ம நாவலுக்கு அடுத்த பதிப்பு எப்ப வரும்னு எனக்குத் தெரியாதா? பயந்துட்டேன், அவ்வளவுதான். ஆபீஸ்லயும் வாயைத் திறக்கல. மாசங்கள் ஓடிப்போச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்துல கை வெச்சிருக்கேன், ஆபீஸ் வாசல்ல ஸ்கூல் யூனிஃபார்மோட ஒரு பொண்ணு. நித்யா. வைட்ஃபீல்ட்லேர்ந்து தனியா மெட்ரோ, பஸ்ஸுன்னு ஏறி விசாரிச்சு வந்திருக்கு. பையிலேர்ந்து நம்ம புத்தகத்தை எடுத்து என் மேஜையில வெச்சுது. பொட்டு ஒட்டின பக்கத்தைப் பிரிச்சுது.

"ஆன்ட்டி, நான் தமிழ் படிக்கக் கத்துக்கிட்டேன். ஃபோன்ல வீடியோ பார்த்து. இந்த வெள்ளிக்கிழமை அப்பாவோட நினைவு நாள். இந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க அம்மா." விரலைப் பொட்டு மேல வெச்சுது. "இங்க 'ஈரம்'னு இருக்கு ஆன்ட்டி. முழுப் பக்கமும் படிச்சேன். முன்னாடி பக்கம், பின்னாடி பக்கம் எல்லாம் படிச்சேன். அப்பா பேரு எங்க?"

கையில சோறு அப்படியே காயுது. ஒரு குழந்தை ஒரு பேருக்காக ஒரு பாஷையவே எழுத்துக்கூட்டிக் கத்துக்கிட்டு வந்து நிக்குது. நாம பொய் சொன்னா எவனாவது பெரிய விமர்சகன் கண்டுபிடிப்பான்னு பயப்படுவோம். இப்படி வந்து நிக்கும்னு நான் கனவுலயும் நெனக்கல. ஆபீஸே எங்களைப் பார்த்துக்கிட்டிருக்கு. இந்தத் தடவை என் வாய் பொய் சொல்லல.

"நான்தான் எடுத்துட்டேன் கண்ணு. அன்னிக்கு அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

"ஏன் எடுத்தீங்க?"

"கதையில அவர் ஒண்ணுமே செய்யலன்னு நெனச்சேன்."

அந்தப் பொண்ணு அழல. எனக்குத்தான் ஏதோ புரியலையோன்னு பார்க்கற மாதிரி பார்த்துது. "எறங்கினாரே ஆன்ட்டி."

மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு எழுந்து போய் கை கழுவினேன். குழாயை ரொம்ப நேரம் மூடவே இல்ல. வந்ததும் நித்யா சொல்லுச்சு, "அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க." அட்ரஸை என் மேஜையில இருந்த ப்ரூஃப் தாளோட ஓரத்துல எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுச்சு.

அன்னிக்கே ஓனர் சார் முன்னாடி போய் நின்னு எல்லாத்தையும் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டல. "என்ன மேடம், நீங்களா?"ன்னார். திட்டியிருந்தா தேவலாம். இப்பத்தான் பத்து காப்பின்னாலும் ரெண்டு நாள்ல அடிச்சுத் தர்றாங்களே, அப்படி அடிக்கலாம்னு முடிவாச்சு. கோபியோட பழைய ஃபைலைத் திறந்து மூணு வரியையும் பழைய எடத்துலயே வெச்சேன். அப்புறம் எடிட்டர் புத்தி விடுமா? கோபிக்கு ஃபோன் போட்டு, அந்தோணி கூப்பிட்டது, சிலிண்டர், தட்டுல கையை உதறறது, இதெல்லாம் துரைக்குச் சேர்க்கலாமே, ஆள் உயிரோட எழுந்து நிப்பாரேன்னு கேட்டேன்.

"வேணாம் மேடம்"னார். முதல் தடவையா எனக்கு 'வேணாம்' சொன்னார். "நான் மேலேர்ந்து பார்த்தது அவ்வளவுதான். எறங்கினாங்க. மத்ததெல்லாம் அவங்க வீட்டுது. அதை எடுத்து நான் எழுதக் கூடாது."

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் மறந்துடுவேன். அந்தத் திருத்தின பதிப்புக்கு ஒரு பத்திரிகையில விமர்சனம் வந்துது. சூழல் மிரட்டுது, பாத்திரங்கள்தான் பலவீனம், அதுலயும் மூணு பேர் திரும்பாததைப் பார்த்தும் நாலாவது ஆள் எதுக்கு எறங்கறான்னு ஆசிரியர் ஒரு காரணமும் சொல்லலன்னு எழுதியிருந்தாங்க. அச்சு அசல் நான் சொன்னதேதான், 'முட்டாள்'ங்கற வார்த்தை மட்டும்தான் இல்ல. பதில் எழுதலாம்னு உக்காந்து நாலு தடவை அடிச்சு அடிச்சு அழிச்சேன். அவங்க சொன்னதுல தப்பில்ல. புத்தகமா பார்த்தா அது உண்மைதான். பாத்திரம் பலவீனமா இருக்குன்னு நீங்களும் நாளைக்கு நூறு தடவை சொல்லுவீங்க, சொல்லணும், அதுக்குத்தான் சம்பளம். ஆனா ஒரு பேரை அடிக்கறதுக்கு முன்னாடி அந்த ரெண்டாவது கட்டத்தை நிரப்பிட்டு அடிங்க. உங்க மேஜை டிராயர்ல பழைய ஹாஜரித் தாளை ரெண்டு கட்டத்தோட மறுபடி அடிச்சு வெச்சிருக்கேன். பேஜார் புடிச்ச வேலைதான். பண்ணுங்க.

வெள்ளிக்கிழமை மெட்ரோவுல போனேன். சுத்தி இருந்த பசங்க எல்லாம் கழுத்துல ஐடி கார்டோட ஃபோன்ல என்னமோ சிரிச்சுக்கிட்டு வர்றாங்க. என் பையில புதுப் புத்தகம், மை வாசனைகூடப் போகல. ஸ்டேஷனுக்கு வெளியில பார்த்தா எல்லாப் பக்கமும் இருபது மாடி, முப்பது மாடி. இதுல எதுக்குக் கீழ அந்தக் குழி இருக்கோ. எனக்கு அந்தப் பதினஞ்சு பக்கமும் ஞாபகம் வந்து, காலைப் பார்த்துப் பார்த்து வெச்சு நடந்தேன்.

ஒத்தை ரூம் வீடு. துரையோட ஃபோட்டோவுக்கு மாலை. நல்ல சிரிச்ச மூஞ்சி. இலையில சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு பாக்கெட் பீடி. ரேவதி என்னைப் பார்த்ததும் "வாங்க மேடம்"னு முகமெல்லாம் மலர்ந்து வந்தாங்க. சேர் போடப் போனாங்க. நான் நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். எடுத்ததைச் சொன்னேன். விரல் வெச்ச எடத்துல வேற வார்த்தைதான் இருந்துதுன்னு சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், ஒரு வார்த்தையைத் தவிர. ஃபோன்ல கோபிகிட்ட நான் என்ன வார்த்தை சொன்னேன்னு அந்த வீட்ல அந்த ஃபோட்டோ முன்னாடி சொல்ல முடியல. அதை இப்ப உங்ககிட்டதான் சொல்லியிருக்கேன்.

ரேவதி கத்தல. கையிலிருந்த சேரை அப்படியே மடக்கி செவுத்துல சாத்தினாங்க.

"அங்க ஹாஜரியில எடுத்துட்டாங்க. நீங்களும் எடுத்துட்டீங்களா?"

புதுப் புத்தகத்தை எடுத்து நித்யாகிட்ட கொடுத்தேன். அது ஃபோட்டோ முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து, பக்கம் தேடி, விரலை வெச்சுக்கிட்டு எழுத்தெழுத்தா கூட்டிப் படிச்சுது. "நான்... காவதாகத்... துரை... இறங்கினான்."

"அவ்வளவுதானா?"ன்னு ரேவதி கேட்டாங்க.

"அவ்வளவுதாம்மா"ன்னுது நித்யா.

ரேவதி மகளுக்குப் பக்கத்துல உக்காந்தாங்க. "இன்னொரு தடவ படி."

நித்யா படிச்சுது.

"இன்னொரு தடவ."

அந்தப் பொண்ணு திக்காம படிக்கற வரைக்கும் படிக்கச் சொன்னாங்க. என்னை உக்காரச் சொல்லல. நான் நின்னுக்கிட்டேதான் கேட்டேன்.